இண்டர்வெல் பத்து நிமிஷம், பிள்ளைக்குக் கிடைப்பது எத்தனை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கடலூரில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் 1986 முதல் 2019 வரை அலுவலக உதவியாளராக இருந்தவன். பியூன் என்றால்தான் எல்லாருக்கும் புரியும். சுற்றறிக்கையை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குவது, தபால் ஆபீஸ் போவது, டீ வாங்கி வருவது எல்லாம் உண்டு என்றாலும், என் முக்கிய வேலை மணி அடிப்பது. பிள்ளைகள் எனக்கு வைத்த பெயரே 'மணியண்ணன்'. என் சொந்தப் பெயர் வேறு. கடைசிப் பத்து வருஷத்தில் அது 'மணி தாத்தா' ஆகிவிட்டது, அதை விடுங்கள்.

பள்ளி நேரத்தைப் பற்றி வாத்தியார்கள் எழுதுகிறார்கள், அதிகாரிகள் எழுதுகிறார்கள். மணி அடித்தவன் எழுதி நான் படித்ததில்லை. எழுத வேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை. போன மாதம் என் பேத்தியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதிலிருந்துதான் இந்த எண்ணம்.

அவள் ஏழாவது படிக்கிறாள். மூன்று நாளாகக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. அடிவயிறு வலிக்கிறது, ஒன்றுக்குப் போனால் எரிகிறது என்றாள். மஞ்சக்குப்பத்தில் ஒரு குழந்தை டாக்டரிடம் காட்டினோம். யூரின் டெஸ்ட் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "ஸ்கூல்ல எத்தனை தடவ பாத்ரூம் போற பாப்பா?"

"போறதில்ல டாக்டர்."

காலை ஏழரைக்கு வேன் ஏறினால் வீடு திரும்ப சாயங்காலம் அஞ்சேகால். கிட்டத்தட்டப் பத்து மணி நேரம். என் மருமகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கு அவ்வளவு ஆச்சரியம் இல்லை. அவளுடைய தண்ணீர் பாட்டிலில் மிச்சம் இருப்பதைத் தினமும் வாசலில் இருக்கும் துளசிக்கு ஊற்றுகிறவன் நான்தான். முக்கால் பாட்டிலுக்குக் குறையாமல் இருக்கும். செடி நன்றாகத்தான் தழைத்திருக்கிறது.

ஏன் பாப்பா குடிக்கறதில்ல என்று வீட்டுக்கு வந்து நிதானமாகக் கேட்டேன். "தண்ணி குடிச்சா போவணும் தாத்தா. இண்டர்வெல்ல போனா பெரிய லைன் நிக்கும். லேட்டா வந்தா மிஸ் வெளிய நிக்க வெப்பாங்க. கிளாஸ் நடுவுல கேட்டா, இண்டர்வெல்ல என்ன பண்ணேன்னு கேப்பாங்க." இதில் நான் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை. பன்னிரண்டு வயசுப் பிள்ளை கணக்குப் போட்டுப் பார்த்து, தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவது என்று முடிவெடுத்திருக்கிறாள்.

கால அட்டவணையில் 'இடைவேளை 10 நிமிடம்' என்று போட்டிருக்கும். அந்தப் பத்து நிமிஷம் எங்கே போகிறது என்று மணி அடிப்பவனைக் கேளுங்கள். 10.50-க்கு அடிக்கிறேன். போர்டில் பாதியில் நிற்கிற கணக்கை முடிக்காமல் எந்த வாத்தியாரும் சாக்பீஸைக் கீழே வைக்கமாட்டார். அதில் இரண்டு நிமிஷம் போயிற்று. மேல் மாடியில் நாலு வகுப்பு, இறங்க ஒரே படிக்கட்டு. அதில் ஒன்றரை நிமிஷம். கீழே வந்தால் கழிவறை வாசலில் வரிசை. கை கழுவ இருக்கும் குழாய்களில் ஒன்றில் தண்ணீர் நூல் மாதிரி வரும். எட்டாவது நிமிஷம் 'வார்னிங் பெல்' அடிக்க வேண்டும், அதையும் நானே அடிப்பேன். அடித்ததும் பி.டி. மாஸ்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு எல்லாரையும் மேலே ஓட்டுவார். ஆண் பிள்ளைகளுக்கு எப்படியோ ஒரு மூன்று நிமிஷம் தேறும். பெண் பிள்ளைகளில் பாதிப் பேர் வரிசையில் நின்ற இடத்திலிருந்தே திரும்பிவிடுவார்கள். அவர்கள் திரும்பிப் போவதை 33 வருஷம் பார்த்திருக்கிறேன். அந்த மணியை அடித்தவனும் நான்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் காலத்தில் இதற்கு இண்டர்வெல் என்றுகூடப் பெயர் கிடையாது, 'ஒண்ணுக்கு பெல்' என்றுதான் சொல்வோம். பெரியவர்கள் அதற்கு மேல் அதை நினைக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் அந்தத் துண்டு நேரத்தை வைத்துக்கொண்டு என்னென்ன செய்தார்கள் என்று மணிக்கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவனுக்குத் தெரியும். பள்ளி முன்னால் ஒரு பெரிய வேப்பமரம். அதன் தாழ்ந்த கிளையில் முழ நீளத்துக்கு ஒரு தண்டவாளத் துண்டு கட்டித் தொங்கும். அதுதான் மணி. முதுநகர்ப் பழைய இரும்புக் கடையில் வாங்கியது என்பார்கள். மரத்தடியில் பெண் பிள்ளைகள் பாண்டி ஆடுவார்கள். கட்டம் போட நேரம் இருக்காது, அதனால் நேற்றைய கட்டத்தை அழிக்காமல் காப்பாற்ற ஒருத்தி எப்போதும் காவல். பம்பரக் காலத்தில் பம்பரம், கோலிக் காலத்தில் கோலி. எந்தக் காலம் எப்போது தொடங்கும் என்று யாரும் அறிவித்ததில்லை, ஒரு திங்கட்கிழமை எல்லார் பையிலும் கோலி இருக்கும். சண்டையும் வரும். நோ பால், இல்லை என்று இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். நான் கம்பியை எடுத்தேன் என்றால் இரண்டு பேரும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சரி இன்னொரு பால் போடு என்று ராசியாகிவிடுவார்கள். எந்த வாத்தியாரும் பஞ்சாயத்துக்கு வந்ததில்லை.

2011 டிசம்பர் 30 விடிகாலை 'தானே' புயல் கரையைக் கடந்தபோது அந்த மரம் வேரோடு சாய்ந்தது. கடலூரில் அன்றைக்கு மரம் பறிகொடுக்காத தெரு ஏது? மரம் போனதும் தண்டவாளம் வராந்தாவுக்கு வந்தது, அப்புறம் அதுவும் போய் கரண்ட் மணி வந்தது. வெயிலுக்குப் பயந்து பிள்ளைகள் இண்டர்வெல்லில் வராந்தாவிலேயே நிற்கப் பழகினார்கள். வராந்தாவில் நின்றால் சத்தம் வரும். சத்தம் வந்தால் உள்ளே போ என்பார்கள். எனக்குத் தெரிந்து இண்டர்வெல் சுருங்கியது அப்படித்தான். யாரும் உத்தரவு போட்டுச் சுருக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதுவரை வீட்டில்கூட நான் சொன்னதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி முடிந்து ஜனவரியில் பள்ளி திறந்தோம். எங்கள் பள்ளியில் கடலோரத் தேவனாம்பட்டினம் பக்கத்துப் பிள்ளைகளும் படித்தார்கள். சில பெயர்களை வருகைப் பதிவேட்டில் அடித்துவிட்டோம், அதைப் பற்றி எழுத மாட்டேன். வந்த பிள்ளைகள் இண்டர்வெல் மணி அடித்தால் வெளியே வருவார்கள், சுவரில் சாய்ந்து நிற்பார்கள், மணி அடித்தால் உள்ளே போவார்கள். ஒரு சத்தம் இருக்காது. பள்ளிக்கூடத்தில் சத்தமில்லாத இண்டர்வெல்லை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கவுன்சலிங் என்று வெளியூரிலிருந்து வந்தார்கள். படம் வரையச் சொன்னார்கள், வட்டமாக உட்கார வைத்துப் பேசினார்கள். நல்ல மனிதர்கள். பிள்ளைகள் சொன்னதைச் செய்தார்கள், அவ்வளவுதான்.

இரண்டு வாரம் இருக்கும். ஒருநாள் எட்டாவது படிக்கும் பையன் ஒருவன் கீழே கிடந்த ஒரு தென்னங்குரும்பையைக் காலால் தட்டினான். அது உருண்டு போய் இன்னொருவன் காலில் பட்டது. அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பித் தட்டினான். மூன்றாவது ஒருவன் நடுவில் புகுந்து குறுக்கே தட்டினான். அவ்வளவுதான், ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். யாரோ ஒருவன் 'டேய் பாஸ் பண்றா' என்று கத்தினான். அதுதான் அந்த வருஷத்தில் எங்கள் மைதானத்தில் கேட்ட முதல் கத்தல். என் கையில் கம்பி இருக்கிறது, கடிகாரத்தில் பதினொன்று ஆகிவிட்டது. நான் அடிக்கவில்லை. பதினொன்று மூன்றுக்கு எச்.எம். வெளியே வந்து, "என்னய்யா, தூங்கிட்டியா?" என்றார். "ஆமாம் சார்" என்றேன். அவரும் மைதானத்தைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். நான் இன்னும் இரண்டு நிமிஷம் தூங்கினேன்.

யாரும் சொல்லிக்கொடுக்காத, யாரும் பார்த்து மார்க் போடாத நேரம் என்று ஒன்று பிள்ளைகளுக்கு வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான். இப்போது சில பள்ளிகளில் இடைவேளையிலேயே யோகா, மாஸ் டிரில் என்று வைக்கிறார்கள். யோகா நல்லதுதான், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் கையைத் தூக்கு, இறக்கு என்று ஒருவர் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தால் அதுவும் இன்னொரு பீரியட்தான்.

என் பேத்தி படிப்பது தனியார் பள்ளி. எந்தப் பள்ளி என்று சொல்லவில்லை, ஏனென்றால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கிறது. அங்கே இண்டர்வெல் போக, பதினொன்றரைக்கு 'ஸ்நாக்ஸ் பிரேக்' பத்து நிமிஷம். வகுப்பிலேயே உட்கார்ந்து டப்பாவைத் திறந்து தின்ன வேண்டும், எழுந்து நடக்கக்கூடாது. மதியச் சாப்பாட்டுக்கு 25 நிமிஷம், அதில் கடைசிப் பத்து நிமிஷம் 'சைலண்ட் ரீடிங்'. மைதானம் இருக்கிறது. அதில் பள்ளி வேன்கள் நிற்கின்றன. வீட்டுப்பாடம் முடிக்காதவர்களுக்கு ஸ்நாக்ஸ் பிரேக்கும் கிடையாது, அந்த நேரத்தில் எழுதி முடிக்க வேண்டும். ஒரு இடத்தில் உட்கார முடியாத பிள்ளைதான் வீட்டுப்பாடத்தையும் முடிக்காமல் வருகிறது. அதற்குத் தண்டனை இன்னும் பத்து நிமிஷம் உட்கார்ந்திருப்பது! எங்கள் பள்ளியிலும் இந்த வழக்கம் உண்டு. அப்படி உள்ளே நிறுத்தப்பட்ட பிள்ளைகள் அடுத்த பீரியடில் பென்சிலைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பதை வராந்தாவில் நடக்கும்போது எத்தனையோ நாள் கண்டிருக்கிறேன். பேத்தியைப் பார்த்த டாக்டரிடம் இதைச் சொன்னபோது, அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் அமைப்பு 2013-லேயே இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது என்றார். தண்டனையாகவோ, பாடம் நடத்துவதற்காகவோ பிள்ளைகளின் இடைவேளையைப் பிடுங்கக்கூடாது என்பது அதன் சாரம். அவ்வளவு தூரம் போவானேன் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் எங்கள் பக்கத்தில் பியூன் சொன்னால் எடுபடாது, அமெரிக்கா சொன்னால் எடுபடும். அதனால் எழுதி வைக்கிறேன்.

பெற்றோர் கூட்டத்துக்கு மகனுக்கு லீவு கிடைக்காததால் நான் போனேன். பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் வெளியே விடக்கூடாதா என்று கேட்டேன். பொறுப்பில் இருந்த மேடம் மரியாதையாகத்தான் பேசினார். "விடலாம் சார். விழுந்து அடிபட்டா அடுத்த நாள் பேரன்ட்ஸே வந்து சண்ட போடறாங்க. விளையாட நேரம் குடுத்தா, ஃபீஸ் கட்டறது எதுக்குன்னு கேக்கறாங்க." அது பொய்யில்லை. எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர், சாயங்காலம் இன்னும் ஒரு மணி நேரம் ஸ்பெஷல் கிளாஸ் வைக்க முடியுமா என்று கேட்பதற்காகவே வந்திருந்தார். அடிபடுவதைப் பற்றி மட்டும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஆபீஸ் ரூமில் டிங்சர் பாட்டிலும் பஞ்சும் என் பொறுப்பில்தான் இருந்தன. முழங்கால் சிராய்ப்பு கணக்கே இல்லை. கை முறிந்தது என்று எனக்கு நினைவிருப்பது ஒரே ஒரு பையன், சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து அரசு ஆஸ்பத்திரிக்கு மிதித்தேன். மாவுக்கட்டு போட்டுக்கொண்டு அடுத்த வாரமே வந்து, கட்டின் மேல் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தான்.

நேரம் இல்லை, சிலபஸ் முடியாது என்பதுதான் எல்லாரும் சொல்லும் காரணம். சரி, கணக்குப் பார்ப்போம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, அடுத்த வருஷம் ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. அதன் அட்டவணையை ஜெராக்ஸ் எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டியவன் நான், ஒட்டுவதற்கு முன் படித்தும் பார்த்தேன். ஒன்றிலிருந்து ஐந்து வரை வருஷத்துக்கு 200 நாள், 800 மணி நேரம் பாடம். ஆறிலிருந்து எட்டு வரை 220 நாள், 1,000 மணி நேரம். வகுத்துப் பாருங்கள், சின்ன வகுப்புக்கு ஒரு நாளைக்கு நாலு மணி நேரம், ஏழாவது படிக்கும் என் பேத்திக்கு நாலரை மணிக்குச் சற்று மேல். எங்கள் பள்ளியில் 40 நிமிஷ பீரியட் எட்டு. அதாவது 5 மணி 20 நிமிஷம். 220 நாளைக்கு 1,173 மணி நேரம் வருகிறது. சட்டம் கேட்பதைவிட 173 மணி நேரம் அதிகம். இதில் தினமும் 20 நிமிஷத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் வருஷத்துக்கு 73 மணி நேரம்தான் குறையும். அப்போதும் 1,100 மணி நேரம் பாடம் நடக்கும். பத்தாவதுக்குப் பொதுத் தேர்வு இருக்கிறது, அது வேறு கதை என்பார்கள். இருக்கட்டும், முதலில் எட்டாவது வரைக்கும் கொடுங்கள்.

அந்த அட்டவணையில் விளையாட்டு மைதானம் வேண்டும் என்று இருக்கிறது. ஆண், பெண் இருவருக்கும் தனித்தனிக் கழிவறை வேண்டும், குடிநீர் வேண்டும் என்று இருக்கிறது. மைதானத்தில் விளையாடவும், கழிவறைக்குப் போய்த் திரும்பவும், குடிநீரைக் குடிக்கவும் நேரம் வேண்டும் என்று ஒரு வரி இல்லை. நோட்டீஸ் போர்டில் ஒட்டியபோது எனக்கும் அது உறைக்கவில்லை.

பி.டி. பீரியட் இருக்கிறதே என்று கேட்கலாம். கணக்கு வாத்தியாரும் சயின்ஸ் டீச்சரும் அந்தப் பீரியடைக் கடன் வாங்குவது ஊரறிந்த விஷயம். திருப்பிக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. 2023-ல் விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின் சட்டப்பேரவையிலேயே இதை எடுத்துச் சொல்லி, வாங்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். சபை சிரித்திருக்கும். இங்கே அடுத்த நாளும் கடன் வாங்கினார்கள். வாத்தியார்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. ரிசல்ட் குறைந்தால் அவர்களைத்தான் கேட்கிறார்கள். இண்டர்வெல்லில் எமிஸில், அதாவது கல்வித் துறையின் கம்ப்யூட்டர் பதிவில், ஏற்ற வேண்டியது ஏதாவது இருக்கும், டீ ஆறிப்போய் டம்ளரில் ஏடு கட்டிக் கிடக்கும். சில டீச்சர்களும் என் பேத்தி மாதிரியே தண்ணீர் குடிக்காமல் இருந்ததை நான் அறிவேன்.

கேரளாவில் 2019-ல் 'வாட்டர் பெல்' கொண்டுவந்தார்கள். 2025-ல் நம் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் அது வந்தது. மணி அடிக்கும், எல்லாரும் தண்ணீர் குடிக்க வேண்டும். ரொம்ப நல்ல யோசனை, நான் வேலையில் இருந்திருந்தால் சந்தோஷமாக அடித்திருப்பேன். ஆனால் ஒரு மணி குறைகிறதே ஐயா. குடித்த தண்ணீர் எங்கே போகும்?

மாவட்ட நிர்வாகமும் கல்வித் துறையும் பெரிதாகச் செலவு செய்ய வேண்டியதில்லை. காலை இண்டர்வெல்லை 20 நிமிஷம் ஆக்கச் சொல்லுங்கள். அரை மணி கேட்க எனக்கும் ஆசைதான். எல்லா வகுப்பையும் ஒரே நேரத்தில் இறக்காமல், கீழ் மாடிக்கு ஒரு மணி, மேல் மாடிக்குக் கால் மணி கழித்து ஒரு மணி என்று அடித்தால் கழிவறை வரிசை பாதியாகும். இதை நான் 1990-களிலேயே சொல்லிப் பார்த்தேன், கேட்கத்தான் ஆளில்லை. தண்டனை என்று இண்டர்வெல்லைப் பிடுங்குவதை நிறுத்தச் சொல்லுங்கள். தனியார் பள்ளிகளை ஆய்வு செய்ய வரும் அதிகாரிகள் மைதானத்தை டேப் வைத்து அளப்பதோடு நிறுத்தாமல், பதினொரு மணிக்கு அதில் யார் நிற்கிறார்கள், பிள்ளையா வேனா என்றும் ஒரு தரம் பார்க்கட்டும்.

பேத்திக்கு உடம்பு தேவலை. டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். இந்த மாணவி அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும், கேட்கும்போது கழிவறைக்கு அனுப்பவும் என்று கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் போட்டது. பள்ளியில் மறுபேச்சு இல்லாமல் ஒத்துக்கொண்டார்கள். துளசிக்கு இப்போது நான் குழாய்த் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். சீட்டை அவள் ஜியாமெட்ரி பாக்ஸில் மடித்து வைத்திருக்கிறாள். நேற்று சாயங்காலம் வேனை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக அதை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"தாத்தா, இத ஜெராக்ஸ் எடுத்துத் தரியா? அஞ்சு காப்பி. என் பிரெண்ட்ஸ் கேக்கறாங்க."

அவள் இன்னும் அதே பள்ளியில்தான் படிக்கிறாள். அதனால் கடிதத்தைப் போட்டால் என் பெயரைப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி அலுவலக உதவியாளர்,
வண்டிப்பாளையம், கடலூர்.